இன்ஜின்ல பாதியை மாத்தினா பணத்துல பாதி மிச்சமா?



போன வாரம் போட்ட கார் லோன் வீடியோவைப் பார்த்துட்டு கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். வயசு 26. பிடித்தம் எல்லாம் போக கைக்கு வர்ற சம்பளம் 46,000 ரூபாய். செகண்ட் ஹேண்ட்ல ஒரு போலோ பார்த்து வெச்சிருக்கார், 2020 மாடல், 1.0 எம்.பி.ஐ., அதாவது டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின். அதே வருஷத்து டர்போ மாடலான டி.எஸ்.ஐ. வாங்கணும்னா 1.7 லட்சம் கூடுதலா கேக்கறாங்களாம்.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணா, ரெண்டுமே 999 சி.சி., ரெண்டுமே 3 சிலிண்டர், ஒரே இன்ஜின் குடும்பம். சாதா வண்டியை வாங்கிட்டு, ஆக்சிடென்ட் ஆன டி.எஸ்.ஐ.ல இருந்து டர்போ பார்ட்ஸை எடுத்துப் போட்டுக்கறேன். கராஜ்ல 1.1 லட்சம்னு சொல்றாங்க. 60,000 ரூபாய் மிச்சம்தானே? பணம் கையில எஃப்.டி.யா இருக்கு."

கணக்கு பார்க்க சரியாத்தான் இருக்கு. ஆனா அந்த எஃப்.டி. என்னன்னு அடுத்த வரியிலேயே எழுதியிருந்தார். ஒன்றரை லட்சம், எமர்ஜென்சி ஃபண்ட். அதைப் படிச்சதும் இதுக்கு ரெண்டு வரியில பதில் போட்டா போதாதுன்னு தோணுச்சு. ஏன்னா இதே கணக்கை நானும் ஒரு காலத்துல போட்டிருக்கேன்.

முதல்ல என் கதை

வேலைக்குச் சேர்ந்து மூணாவது வருஷம். என்கிட்ட ஒரு பழைய ஹேட்ச்பேக் இருந்துச்சு. எந்த கம்பெனி வண்டி, எந்த கராஜ்னு இங்க வேண்டாம், தப்பு என்னோடது. காத்தை அழுத்தி உள்ள தள்ளற எந்த ஏற்பாடும் இல்லாத நேச்சுரலி ஆஸ்பிரேட்டட் இன்ஜின். இனிமே சுருக்கமா என்.ஏ.ன்னு சொல்றேன். வேற வண்டியில இருந்து எடுத்த டர்போவை அதுல ஏத்தித் தர்றோம்னு சொன்னாங்க. கொட்டேஷன் 1.4 லட்சம்.

அந்த வாரமே பேங்க் ஆப்ல "உங்களுக்கு 3 லட்சம் பர்சனல் லோன் ரெடி"ன்னு மெசேஜ். வட்டி 14%, 3 வருஷம். எதுக்கும் கையில இருக்கட்டும்னு முழுசா எடுத்துட்டேன். இ.எம்.ஐ. 10,253 ரூபாய்.

வேலை ஆரம்பிச்சதும் லிஸ்ட் வளர ஆரம்பிச்சது. டர்போவும் மேனிஃபோல்டும் 70,000. இன்டர்கூலர், பைப் எல்லாம் 35,000. இ.சி.யு.வை ஏமாத்தற ஒரு பாக்ஸ் 40,000, அதை ட்யூன் பண்ண 15,000. இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப் 25,000. பழைய கிளட்ச் தாங்காதுன்னு புதுசு 20,000. லேபர் 45,000. சின்னச் சின்ன சாமான் 30,000. மொத்தம் 2.8 லட்சம். கொட்டேஷன்ல சொன்னதுக்கு சரியா ரெண்டு மடங்கு.

வண்டி பறந்துச்சு, அதை மறுக்க மாட்டேன். ஏழாவது மாசம் சேலம் போற வழியில கிருஷ்ணகிரி தாண்டினதும் ஒரு சத்தம், பின்னாடி நீலப் புகை. பிரிச்சுப் பார்த்தா பிஸ்டன்ல ரிங் உக்கார்ற விளிம்பு உடைஞ்சிருந்தது. இந்த மாதிரி மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்கு சாதாரண கார் இன்ஷூரன்ஸ்ல கவர் கிடையாது. மார்க்கெட் விலையை விட 1.3 லட்சம் கம்மியா, அப்படியே தள்ளிவிட்டேன்.

இன்ஜின் 7 மாசம் ஓடுச்சு. இ.எம்.ஐ. 36 மாசம் ஓடுச்சு. மாத்தின செலவு 2.8 லட்சம், வட்டி 69,000, வித்ததுல நஷ்டம் 1.3 லட்சம். கிட்டத்தட்ட 4.8 லட்சம் ரூபாய்.

பிஸ்டன் ஏன் உடைஞ்சதுன்னு அன்னைக்கு எனக்குப் புரியல. புரிஞ்சது பின்னாடி, அமெரிக்காவுல ரொம்பப் பிரபலமான ஒரு இன்ஜினைப் பத்திப் படிச்சப்போ.

ஒரே இன்ஜின், ரெண்டு வடிவம்: ஜி.எம். 3800

ஜெனரல் மோட்டார்ஸ் 1990கள் நடுவுல இருந்து "3800 சீரிஸ் 2"ன்னு ஒரு 3.8 லிட்டர் வி6 இன்ஜினை விட்டாங்க. பியூக், பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல்னு பல பிராண்டு கார்கள்ல இது வந்துச்சு. இதுல ரெண்டு முக்கிய வகை. எல்36 என்பது என்.ஏ. வகை, காரைப் பொறுத்து 195 முதல் 205 ஹெச்.பி. வரை. எல்67 என்பது சூப்பர்சார்ஜர் வெச்ச வகை, 240 ஹெச்.பி.

சூப்பர்சார்ஜரும் டர்போவும் செய்யற வேலை ஒண்ணுதான்: காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளறது. டர்போ எக்ஸாஸ்ட் வாயுவால சுத்தும். சூப்பர்சார்ஜர் கிராங்க்ல இருந்து வர்ற பெல்ட்டால சுத்தும். எல்67ல இருந்தது ஈட்டன் கம்பெனியோட எம்90. நம்ம ஊர்ல சம்பளக்காரங்க வாங்கற கார்கள்ல சூப்பர்சார்ஜர் வரலை, டர்போதான் வந்துச்சு. அதனால ரெண்டு பக்கமும் பார்ட்ஸ் மாத்தறது எப்படி முடியும்னு பார்க்க 3800ஐ விட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அங்க பலர் செஞ்சதுக்குப் பேர் "டாப் ஸ்வாப்". எல்36 இன்ஜினோட கீழ் பாதியை, அதாவது பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாத்தையும், அப்படியே வெச்சுக்கிட்டு, மேல் பாதியை மட்டும் எல்67ல இருந்து எடுத்து மாட்டறது.

ஆசை எங்க ஆரம்பிச்சதுன்னு பாருங்க. எல்36ல மேல இருக்கற இன்டேக் மேனிஃபோல்ட் பிளாஸ்டிக். எக்ஸாஸ்ட் வாயுவைத் திரும்ப உள்ள அனுப்பற குழாய் பக்கத்துல, அந்த பிளாஸ்டிக் சூட்டுல கெட்டுப்போய் கூலன்ட் இன்ஜினுக்குள்ள கசியற கோளாறு ரொம்பப் பிரபலம். எப்படியும் அதைக் கழட்டி மாத்தணும். அப்போ மனசு சொல்லும்: "எப்படியும் கழட்டறோம், கூட கொஞ்சம் போட்டு சூப்பர்சார்ஜரே ஏத்திட்டா என்ன?"

இந்த "எப்படியும்... கூட கொஞ்சம்" தான் நம்ம பர்ஸுக்கு முதல் எதிரி. பாத்ரூம் குழாய் மாத்தப் போய் டைல்ஸ் முழுக்க மாத்தினவங்களுக்குத் தெரியும்.

மாட்டறது ஈஸி, பொருந்தறது வேற

ஒரே குடும்ப இன்ஜின்ங்கறதால மேல் பாதி கீழ் பாதி மேல உக்காரும். போல்ட் ஏறும், ஸ்டார்ட்டும் ஆகும். ஆனா கம்பெனிக்காரன் ரெண்டு வகைக்கும் நடுவுல வெளிய தெரியாத ஒரு வித்தியாசம் வெச்சிருக்கான். எல்36 கம்ப்ரஷன் ரேஷியோ 9.4. எல்67 கம்ப்ரஷன் ரேஷியோ 8.5. எல்67 பிஸ்டன் தலையில குழி அதிகம், அதான் காரணம்.

ஏன் குறைச்சான்? சூப்பர்சார்ஜர் ஏற்கனவே காத்தை அழுத்தித்தான் அனுப்புது. காத்தை அழுத்தினா சூடாகும். அதை சிலிண்டர் இன்னும் அழுத்தும். அளவு மீறினா, ஸ்பார்க் பத்த வெச்ச தீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே, மிச்சம் இருக்கற பெட்ரோல் கலவை தானா வெடிக்கும். அதுதான் நாக்கிங். சுத்தியலால பிஸ்டன் தலையில அடிக்கற மாதிரி.

ஒரு தோராயக் கணக்கு. வெளிக்காத்தோட அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. அதுக்கு மேல சூப்பர்சார்ஜர் 7.5 தருதுன்னு வெச்சுக்கோங்க, மொத்தம் சுமார் ஒன்றரை மடங்கு. 8.5 ரேஷியோ இன்ஜினுக்கு அது 12.8 மாதிரி, 9.4 இன்ஜினுக்கு 14.2 மாதிரி. 0.9ன்னு சின்னதா தெரிஞ்ச வித்தியாசம் பூஸ்ட் ஏறினதும் 1.4 ஆகுது.

அதனால டாப் ஸ்வாப் பண்றவங்க சூப்பர்சார்ஜர் மட்டும் வாங்கினா போதாது. லோயர் இன்டேக், சிலிண்டர் ஹெட், பெரிய இன்ஜெக்டர், சூப்பர்சார்ஜருக்குத் தனி பெல்ட், வேற ஸ்பார்க் பிளக், கம்ப்யூட்டருக்குப் புது ப்ரோக்ராம். நாக்கிங் வராம இருக்க பெரிய புல்லி போட்டு பூஸ்ட்டைக் குறைக்கறவங்களும் உண்டு. கியர்பாக்ஸும் ஒரே ரகம் இல்ல. எல்67 வண்டிகளுக்கு அதே கியர்பாக்ஸோட பலமான ஹெவி டியூட்டி வகையைத்தான் கம்பெனி கொடுத்துச்சு.

இதெல்லாம் ஒரு தடவை செலவு. தொடர்ந்து வர்ற செலவு தனி. எல்36க்கு அமெரிக்க பங்க்ல 87 எண் சாதாரண பெட்ரோல் போதும், எல்67க்கு 91 எண் பிரீமியம் போடணும். அதாவது ஒவ்வொரு தடவை டேங்க் நிரப்பறப்பவும் கூடுதல் காசு. சூப்பர்சார்ஜருக்குன்னு தனி ஆயில் இருக்கு. உள்ள இருக்கற கப்ளர் தேய்ஞ்சா கடகடன்னு சத்தம் போடும், அதையும் மாத்தணும்.

சரி, திருப்பிப் போட்டா? எல்67 கீழ் பாதி சல்லிசா கிடைச்சுதுன்னு அதை என்.ஏ. இன்ஜினா ஓட்டினா? ஓடும். ஆனா 8.5 ரேஷியோ பூஸ்ட்டை நம்பி வெச்சது. பூஸ்ட் இல்லாம பவரும் குறையும், மைலேஜும் குறையும். பலமான பார்ட்தான், ஆனா இங்க அது பாரம்.

தனியா எடுத்தா ரெண்டு இன்ஜினும் அருமை. ஒண்ணுல இருந்த பாதியை இன்னொண்ணுல வெச்சா, ரெண்டோட பலவீனமும் சேர்ந்து வருது.

அப்போ அங்க செஞ்சவங்க எல்லாம் முட்டாளா?

இல்லவே இல்ல. நிறைய பேர் டாப் ஸ்வாப் பண்ணி சந்தோஷமா ஓட்டினாங்க. ஆனா அவங்களுக்கு இருந்த வசதியைப் பாருங்க. இந்த இன்ஜின் பல மாடல்கள்ல பல வருஷம் வந்ததால காயலான் கடைகள்ல பார்ட்ஸ் குவிஞ்சு கிடந்தது. நாமளே ஸ்பேனர் எடுத்துட்டுப் போய் கழட்டிக்கற யார்டுகள் அங்க உண்டு. சொந்த கராஜ்ல சனி, ஞாயிறு உக்காந்து தானே மாட்டினா லேபர் பூஜ்யம். எந்த பார்ட்டுக்கு எது ஒத்துப்போகும்னு ஆயிரம் பேர் அனுபவம் முன்னாடியே இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் அங்க விஷயம் தெரிஞ்சவங்க நிறைய பேர் சொன்னது: முழு எல்67 இன்ஜினையே வாங்கி இறக்கு, இல்லேன்னா எல்67 இருக்கற காரையே வாங்கு.

என் கருத்தும் அதுதான். கம்பெனிக்காரன் டர்போ மாடலுக்குக் கூடுதலா வாங்கற காசு டர்போவுக்கு மட்டும் இல்ல. அதுக்கேத்த பிஸ்டன், கூலிங், கியர்பாக்ஸ், ட்யூனிங், வாரன்டி, ஆர்.சி.ல சரியான பதிவு, எல்லாம் அந்த விலைக்குள்ள இருக்கு. நாம கராஜ் கொட்டேஷனை அந்த முழு விலையோட ஒப்பிடறோம். ஒரு தோசைக்கல்லோட விலையை ஒரு ஹோட்டலோட விலையோட ஒப்பிடற மாதிரி.

இப்போ போலோவுக்கு வருவோம்

தம்பி சொன்னது உண்மை. எம்.பி.ஐ.யும் டி.எஸ்.ஐ.யும் ஃபோக்ஸ்வேகனோட இ.ஏ.211 குடும்பம். ஆனா எம்.பி.ஐ. 76 பி.எஸ்., 95 நியூட்டன் மீட்டர் டார்க். டி.எஸ்.ஐ. 110 பி.எஸ்., 175 நியூட்டன் மீட்டர் டார்க். டார்க் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 95க்குன்னு கொடுத்த கிளட்சும் 5 ஸ்பீடு கியர்பாக்ஸும் 175ஐத் தாங்கணும். டி.எஸ்.ஐ.க்கு கம்பெனி கொடுத்தது 6 ஸ்பீடு.

அதை விடப் பெரிய வித்தியாசம் பெட்ரோல் போற வழி. எம்.பி.ஐ.ல பெட்ரோல் இன்டேக் வழியில தெளிக்கும். டி.எஸ்.ஐ.ல நேரா சிலிண்டருக்குள்ள, ரொம்ப அதிக அழுத்தத்துல தெளிக்கும். அதுக்கு ஹை பிரஷர் பம்ப், வேற இன்ஜெக்டர், வேற ஹெட், வேற இ.சி.யு. வேணும். டர்போவை மட்டும் கழட்டி மாட்டினா அது டி.எஸ்.ஐ. ஆகாது. 1.1 லட்சத்துல இதெல்லாம் அடங்குமான்னு கராஜ்ல எழுத்துல கேளுங்க. வாயால சொல்ற பதில் வேண்டாம்.

இதுக்கு மேல நம்ம நாட்டுச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்.சி.ல இருக்கற விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதுக்கு முரணா ஆகற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணுச்சு. அதே வருஷம் சட்டத்துல சேர்த்த பிரிவு 182ஏ படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல 6 மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டும்.

அபராதத்தை விட எனக்கு பயம் இன்ஷூரன்ஸ்தான். மாத்தினதை கம்பெனிக்குச் சொல்லாம விட்டா, பெரிய விபத்துல கிளெய்ம் பண்ணும்போது அதையே காரணமா காட்டி மறுக்க வாய்ப்பு இருக்கு. 5,000 ரூபாயைத் தாங்கலாம். ஒரு முழு காரோட கிளெய்மை இழந்தா 46,000 சம்பளத்துல தாங்க முடியுமா?

பூஸ்ட் இன்ஜினுக்கு மட்டும் இல்ல

நம்ம சேனல்ல அடிக்கடி பேசற விஷயத்தையும் இந்த இடத்துல சொல்லிடறேன். கடன் வாங்கி செய்யற முதலீடு, எஃப் அண்ட் ஓ, மார்ஜின் டிரேடிங், இதெல்லாம் பணத்துக்குப் போடற சூப்பர்சார்ஜர். பெரிய பணக்காரர் போடறாருன்னா, அவருக்குக் கீழ் பாதி வேற: பல வருமானம், பெரிய கையிருப்பு, ஒரு வருஷம் நஷ்டம் வந்தாலும் தாங்கற பிஸ்டன். அவரோட மேல் பாதியை மட்டும் எடுத்து, ஒரே சம்பளமும் வீட்டு வாடகையும் இருக்கற நம்ம மேல மாட்டினா நாக்கிங்தான். 2021-22ல இருந்து 2023-24 வரைக்கும் எஃப் அண்ட் ஓ.ல இறங்கின தனிநபர்கள்ல 93% பேர் நஷ்டம்தான் பார்த்தாங்கன்னு செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வு சொல்லுது.

எமர்ஜென்சி ஃபண்ட் அந்த 8.5 ரேஷியோ மாதிரி. சும்மா கிடக்குது, கம்மி வட்டிதான் தருதுன்னு தோணும். அழுத்தம் ஏறும்போது உடையாம காப்பாத்தறது அதுதான்.

காசை நிஜமா எங்க மிச்சம் பண்ணலாம்?

பார்ட்ஸ் மாத்தறதே தப்புன்னு நான் சொல்லல. எல்36லயும் எல்67லயும் இக்னிஷன் காயில் மாதிரி சில பார்ட்ஸ் பொதுவானது. அதை எந்த வண்டியில இருந்து எடுத்துப் போட்டாலும் பிரச்சினை இல்ல. நம்ம வண்டிக்கும் அதே விதிதான். பார்ட் நம்பர் ஒண்ணா இருந்தா தாராளமா புதுப்பேட்டையில தேடுங்க. கண்ணாடி, லைட், கதவு, ஆல்டர்னேட்டர்ல எல்லாம் நல்ல காசு மிச்சமாகும். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினா உக்காந்துடும்"னு யாராவது சொன்னா, அங்கேயே திரும்பிடுங்க. பிரேக், ஏர்பேக் மட்டும் பழசு வேண்டவே வேண்டாம்.

ஸ்பீடு ஆசை நிஜமா இருக்கா? அதுவும் தப்பில்ல. ஆனா அதுக்குப் பேர் பொழுதுபோக்கு, சேமிப்பு இல்ல. கோயம்புத்தூர்லயே செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு. டிராக்குக்குன்னு தனியா ஒரு பழைய வண்டி, கடன் இல்லாத காசு, போனா போகட்டும்னு விடக்கூடிய தொகை, இந்த மூணும் இருக்கறப்போ செய்ங்க. தினமும் ஆபீஸ் போற ஒரே வண்டியில இந்தப் பரிசோதனை வேண்டாம்.

தம்பிக்கு என் பதில்

எம்.பி.ஐ. பிடிச்சிருந்தா, அதை அப்படியே வாங்குங்க. நல்ல டயர் போட்டு, சர்வீஸ் ஒழுங்கா பண்ணி ஓட்டுங்க. கோயம்புத்தூர் டிராஃபிக்குக்கு 76 பி.எஸ். தாராளம்.

டி.எஸ்.ஐ. தான் வேணும்னு மனசு அடம்பிடிச்சா, காத்திருங்க. மாசம் 10,000 ஆர்.டி. போட்டா வட்டியைக் கணக்குல சேர்க்காமலே 17 மாசத்துல 1.7 லட்சம். அதுக்குள்ள அந்த வண்டியோட விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும். முழு செட், ஆர்.சி. சுத்தம், இன்ஷூரன்ஸ் சுத்தம்.

எது பண்ணாலும் அந்த ஒன்றரை லட்சம் எஃப்.டி.யைத் தொடாதீங்க. கிருஷ்ணகிரி ரோட்டோரம் நீலப் புகைக்கு நடுவுல நின்னப்போ என்கிட்ட அப்படி ஒரு எஃப்.டி. இல்ல. டோ வண்டிக்கு நண்பன்கிட்டதான் கடன் கேட்டேன்.

உங்கள்ல யாராவது வண்டியில இந்த மாதிரி மாத்தியிருந்தா, முதல் கொட்டேஷன் எவ்வளவு, கடைசியில ஆன மொத்தச் செலவு எவ்வளவுன்னு ரெண்டு நம்பரையும் எழுதி அனுப்புங்க. கம்மி செலவுல நல்லா முடிஞ்ச கதையா இருந்தாலும் அனுப்புங்க, அதையும் அடுத்த வீடியோவுல சேர்த்துப் பேசுவோம்.